தனியாக ஸ்குவாட் செய்யும்போது எழும்ப முடியாமல் போனால் என்ன செய்வது?

கேள்வி (களுவாஞ்சிக்குடி)

அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். வேலைக்குப் போவதற்கு முன்பு, அதிகாலை ஐந்து மணிக்கே எங்கள் ஊரிலுள்ள சிறிய ஜிம்முக்குப் போய்விடுகிறேன். உரிமையாளர் நம்பிக்கையோடு திறப்பை என்னிடம் தந்திருக்கிறார். ஏழு மணி வரை வேறு எவரும் வருவதில்லை. மாலையில் ஆட்கள் இருப்பார்கள் என்றாலும் அந்த நேரம் எனக்குக் கடையில் வேலை.

என் உடல் எடை 66 கிலோ. பாரை (பிளேட் மாட்டும் நீண்ட இரும்புத் தண்டு) தோளின் பின்னால் வைத்து உட்கார்ந்து எழும்பும் ஸ்குவாட் பயிற்சியை, 20 கிலோ பாரையும் சேர்த்து 80 கிலோவில் ஐந்து ஐந்து ரெப்பாக (ஒரு தடவை இறங்கி எழும்புவது ஒரு ரெப்) செய்கிறேன். இதுவரை சிக்கல் ஏதும் வரவில்லை. ஆனால் எடையைக் கூட்டக் கூட்ட, கீழே போன பிறகு எழும்ப முடியாவிட்டால் என்ன செய்வேன் என்ற எண்ணம் ஒவ்வொரு செட்டிலும் வந்து நிற்கிறது. ஜிம்மில் நான்கு தூண் கொண்ட ரேக் ஒன்று உண்டு. அதன் துளைகளில் செருகும் இரண்டு கம்பிகள் மூலையில் கிடக்கின்றன, அவற்றை யாரும் எடுப்பதே இல்லை. எல்லோரும் பயன்படுத்துவது தனித்தனியாக நிற்கும் இரண்டு தூண் ஸ்டாண்டைத்தான். பார் தண்டவாளத்தில் மேலும் கீழும் ஓடும் ஸ்மித் மெஷின் கிடையாது.

அந்தக் கம்பிகளை எந்த உயரத்தில் வைக்க வேண்டும்? தனியாகச் செய்பவர் பிளேட் வழுக்காமல் பிடிக்கும் கிளிப்பைப் போடக் கூடாது என்று ஒருவர் சொன்னார், அது சரியா? எழும்ப முடியாத நிலை வந்தால் பாரைப் பின்னால் போட்டுவிட்டு முன்னால் நகர்ந்துவிடலாமா?

பதில் 1 (கல்லடி, பயிற்றுநர்)

தம்பி, உங்களுக்குத் தேவையான பொருள் அந்த மூலையிலேயே கிடக்கிறது. பின்னால் ஆள் நின்றால்தான் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பழக்கமில்லாத ஒருவர் பின்னால் நின்று, அடியில் மாட்டிக்கொண்டவரையும் 100 கிலோவையும் சேர்த்துத் தூக்கிவிடுவது நடக்கிற காரியம் அல்ல. சரியான உயரத்தில் செருகிய கம்பி அந்த எடையைத் தாங்கும். ஆகவே இரண்டு தூண் ஸ்டாண்டை விட்டுவிட்டு ரேக்குக்குள் போங்கள். அந்த ஸ்டாண்டில் நீங்கள் கீழே நின்றுவிட்டால் பாருக்கும் தரைக்கும் இடையே உங்கள் உடலைத் தவிர வேறொன்றும் இல்லை.

உயரத்தை ஊகித்து வைக்காதீர்கள். வெறும் பாரைத் தோளில் வைத்து, வழக்கமாக இறங்கும் ஆழம் வரை இறங்கி, அங்கேயே சிறிது நேரம் நில்லுங்கள். தொலைபேசியைப் பக்கவாட்டில், பாரின் மட்டத்தில் சாய்த்து வைத்துக் காணொளி எடுங்கள். பாருக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் அகல இடைவெளி தெரிந்தால் போதும். கம்பி அதைவிட உயரமாக இருந்தால், ஒழுங்காகச் செய்யும் ரெப்பிலும் பார் அதில் தட்டும். பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில் பட்டு, எடையோடு இடுப்பு முறுகும். மிகவும் தாழ்வாக இருந்தால், பலம் தீர்ந்த பிறகும் பாரோடு இன்னும் கீழே போக வேண்டியிருக்கும். முதுகு வளைவது அந்த ஆழத்தில்தான். களைத்த ஒருவரின் நெஞ்சு முன்னால் சரியும்போது பாரும் தாழும் என்பதால்தான் அந்த இரண்டு மூன்று விரலை விடுகிறோம். சரியான துளை கிடைத்ததும் இரண்டு பக்கமும் அடியிலிருந்து எண்ணிப் பார்த்து, நிற டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அதிகாலைத் தூக்கக் கலக்கத்தில் ஒரு பக்கம் ஒரு துளை மாறிச் செருகிவிடுவது எளிது.

பார் நிற்கும் கொக்கியின் உயரத்தையும் கவனியுங்கள். அது அக்குளுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். குதிகாலை உயர்த்தி எட்டித்தான் பாரை எடுக்க முடிகிறது என்றால், கடைசி ரெப்புக்குப் பிறகு நடுங்கும் கால்களோடு அதைத் திரும்ப வைப்பது ஆபத்து. எடுத்த பின் இரண்டு மூன்று சிறிய அடிகள் மட்டும் பின்னால் வையுங்கள். திரும்பும்போது கழுத்தைத் திருப்பிக் கொக்கியைத் தேடாமல், பார் இரண்டு தூண்களிலும் முட்டும் வரை நேரே நடந்து, அதன் பிறகே தாழ்த்துங்கள்.

இனி நான் எல்லாவற்றையும்விட வலியுறுத்துவது: தோற்பதையும் பழக வேண்டும். வெறும் பாரோடு அடி வரை இறங்கி, அங்கே எழும்ப முடியவில்லை என்று வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடியே இன்னும் கொஞ்சம் தாழ்ந்து பாரைக் கம்பிகளில் அமர்த்துங்கள். இரண்டு பக்கமும் அமர்ந்த பிறகு கையை விட்டு, தலையைக் குனிந்து, முன்பக்கமாக வெளியே வாருங்கள். கையை அகலமாகப் பிடிப்பவராக இருந்தால், பாருக்கும் கம்பிக்கும் நடுவே விரல் சிக்காத இடத்தில் பிடிக்கிறீர்களா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு 40 கிலோவிலும், 60 கிலோவிலும் இதையே செய்யுங்கள். பழகியிராதவர் அந்த நொடியில் இடுப்பை மேலே தூக்கி, முதுகால் எடையை நெம்பப் பார்ப்பார். பழகியவர் அமைதியாகப் பாரை இறக்கி வைத்துவிட்டு வெளியே வருவார்.

பதில் 2 (காத்தான்குடி)

வணக்கம் தம்பி. கிளிப் போட வேண்டாம் என்று சொன்னவர், பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அதில் பார் நெஞ்சில் இருந்துவிட்டால், ஒரு பக்கமாகச் சரித்துப் பிளேட்டை விழுத்திவிட்டுத் தப்பிக்கலாம் என்பதற்காகச் சிலர் கிளிப் போடுவதில்லை. ஸ்குவாட்டில் அந்த வழி உதவாது. நின்ற நிலையில் ஒரு பக்கத்துப் பிளேட் வழுக்கி விழுந்தால், மறுபக்கத்து எடை பாரைச் சுழற்றி, உங்கள் முதுகெலும்பையும் சேர்த்து முறுக்கிவிடும். எனவே கிளிப்பை இறுக்கிப் போடுங்கள். பிளேட்டைக் கழற்றும்போதும் பக்கம் மாற்றி மாற்றிக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் வெறுமையாக்கினால் கொக்கியிலிருந்தே பார் எகிறும்.

பின்னால் போட்டுவிட்டு முன்னால் பாய்வது பளுதூக்கும் வீரர்கள் பழகும் முறைதான். ஆனால் அவர்களுடைய இடமும் உபகரணமும் வேறு. அங்கே போட்டி அளவு ரப்பர் பிளேட்டின் விட்டம் 45 செண்டிமீற்றர் என்பதால், விழுந்த பிறகும் பார் தரையிலிருந்து 22 செண்டிமீற்றருக்கு மேலே நிற்கும். நம் ஜிம்களில் இருப்பது பெரும்பாலும் 10 கிலோ, 15 கிலோ இரும்புப் பிளேட்டுகள். அவற்றின் விட்டம் குறைவு என்பதால் பார் மிகத் தாழ்வாக வந்து, கெண்டைக்காலையோ குதிகாலையோ பிடிக்கும். அதோடு, பாரைக் கழுத்துக்குக் கீழே தோள்பட்டையின் பின்புறத்தில் தாழ்வாக வைப்பவருக்கு அது எளிதில் உருண்டு இறங்காது. கம்பிகள் இருக்கும்போது அந்த வித்தையே தேவையில்லை. எந்த நிலையிலும் பாரைத் தலைக்கு மேலால் முன்னே தள்ள முயல வேண்டாம். அது பிடரியில் ஏறும்.

கம்பிகள் நெடுநாளாக மூலையில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நமது கரையோர ஊர்களின் உப்புக்காற்றில் இரும்பு எவ்வளவு விரைவாக அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மேலே படிந்த செந்துருவைத் தேய்த்து, உள்ளே பொருக்கு விட்டு உதிர்கிறதா என்று பாருங்கள். கம்பி வளைந்திருந்தாலோ, ரேக்கின் ஒட்டு வேலை நடந்த மூட்டில் வெடிப்புத் தெரிந்தாலோ அதில் எடை ஏற்ற வேண்டாம். உரிமையாளரிடம் சொல்லி மாற்றச் செய்யுங்கள். கம்பிக்குப் பதிலாகப் புளொக் கல்லை அடுக்கி வைப்பதையும் கண்டிருக்கிறேன். பார் வந்து மோதினால் அந்தக் கல் உடைந்து சிதறும்.

கேட்டவர்

நானாவுக்கும் பயிற்றுநர் அண்ணனுக்கும் மிக்க நன்றி. கம்பிகளைத் தேய்த்துப் பார்த்தேன். மேல் துருதான், உள்ளே உறுதியாக இருக்கின்றன. ஆனால் வேறொரு சிக்கல். எங்கள் ரேக்கின் துளைகள் அகலமான இடைவெளியில் உள்ளன. ஒரு துளையில் வைத்தால் ஒவ்வொரு ரெப்பிலும் பார் கம்பியில் முட்டுகிறது. அடுத்த துளையில் வைத்தால் கம்பி ஒரு சாண் தாழ்ந்துவிடுகிறது. இரண்டில் எதைத் தெரிவது? இன்னொன்று, விடியும் முன் மின்சாரம் போய்விட்டால் அறை முழு இருட்டாகிவிடும்.

பதில் 3 (அக்கரைப்பற்று, பெண்கள் பிரிவில் பயிற்சி அளிப்பவர்)

தம்பி, தாழ்ந்த துளையைத் தெரிவு செய்யாதீர்கள். கம்பி மேல் துளையிலேயே இருக்கட்டும். நீங்கள் நிற்கும் தரையை உயர்த்துங்கள். தடித்த ஒட்டுப்பலகை ஒன்றை ரேக்கின் உள்ளளவுக்கு வெட்டி விரித்தால், நீங்களும் பாரும் அந்தத் தடிப்பு அளவுக்கு மேலே வருவீர்கள், கம்பி அதே இடத்தில் நிற்கும். குள்ளமான பிள்ளைகளுக்கு நாங்கள் இப்படித்தான் சரிசெய்கிறோம். பலகை கொக்கியடியிலிருந்து நீங்கள் பின்னால் நடந்து நிற்கும் இடம் வரை முழுவதுமாகப் படிய வேண்டும். பாதி வழியில் விளிம்பு இருந்தால் எடையோடு கால் தடுக்கும். அமுங்கும் பஞ்சு மெத்தை இதற்கு ஆகாது. அதே காரணத்தால், ஓடுவதற்கான மெத்தென்ற சப்பாத்தையும் தவிர்த்து, தட்டையான அடி கொண்ட கன்வஸ் சப்பாத்தை அணியுங்கள்.

விளக்கு அணைந்தால் கொக்கியைத் தேடி முன்னால் நடக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி இறங்கி, பாரைக் கம்பியில் அமர்த்திவிட்டு வெளியே வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு வெறும் பாரோடு இதைப் பழகிப் பார்க்கலாம்.

மூச்சைப் பற்றி எவரும் சொல்லவில்லை. இறங்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்து இறங்கினால் முதுகு உறுதியாக நிற்கும். ஆனால் அந்த நேரத்தில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. அழுத்த நோயோ இதய நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இப்படிச் செய்யக் கூடாது. மற்றவர்களும் ஒவ்வொரு ரெப்புக்கும் மேலே வந்து மூச்சை மாற்ற வேண்டும். கண் இருட்டினால் செட் அதோடு முடிந்தது. நோன்பு காலத்தில் பகலில் எங்கள் பிள்ளைகளுக்கு நான் பாரையே தருவதில்லை. தம்பள் (கையில் பிடிக்கும் சிறு எடை) ஒன்றை நெஞ்சோடு பிடித்துச் செய்யும் ஸ்குவாட்டையே கொடுக்கிறேன். களைத்தால் அதை அப்படியே முன்னால் தரையில் வைத்துவிடலாம்.

திறப்பு உங்களிடம் இருக்கிறது என்றீர்கள். உள்ளே இருந்து பூட்டாதீர்கள், தம்பி. எத்தனை மணிக்கு முடித்து அழைப்பீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். தொலைபேசி பையில் அல்ல, தரையில் கிடந்தபடியே கையால் எட்டக்கூடிய இடத்தில் இருக்கட்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணை அழைக்க அது வேண்டும்.

பதில் 4 (கல்லடி, பயிற்றுநர்)

பலகை யோசனை மிகவும் சரியானது. தம்பி, பலகை விரித்த பின் கொக்கியின் உயரத்தையும் மறுபடி பாருங்கள்; நீங்கள் உயர்ந்ததால் அது இப்போது தாழ்ந்திருக்கும்.

எடை ஏற்றுவது பற்றி ஒன்று. தனியாக இருக்கும் நாட்களில் இன்னும் இரண்டு ரெப் செய்யலாம் என்ற நிலையிலேயே செட்டை நிறுத்துங்கள். எழும்பும் வேகம் சட்டென்று குறைந்தால், அல்லது இடுப்பு முதலில் மேலே போய் நெஞ்சு பின்தங்கினால், அடுத்த ரெப்புக்கு இறங்க வேண்டாம். கிழமைக்கு 2.5 கிலோ ஏற்றினாலே நல்ல முன்னேற்றம். ஒரே ஒரு ரெப்பில் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்க்கும் ஆசை வந்தால், அதை ஆட்கள் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் கம்பிகள் அதே துளையில் இருக்கட்டும். பாரின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொருவர் நிற்கட்டும். ஒருவர் முந்தித் தூக்கினால் பார் சாயும் என்பதால், யார் குரல் கொடுத்தால் இருவரும் சேர்ந்து பிடிப்பது என்பதைப் பாரைத் தோளில் ஏற்றும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.