காட்பாடியில் கடல்நீர்த் தொட்டி: மணலுக்கு உயிரூட்ட உதவி தேவை

வணக்கம். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி அமைத்து வருகிறேன். சென்னை கொளத்தூரிலிருந்து உலர்ந்த அரகோனைட் மணல் (கால்சியம் கார்பனேட்டாலான மணல்) வந்துவிட்டது. பாலாற்று மணலே போதாதா என்கிறார் மாமா. அது சிலிக்கா, தண்ணீரின் காரத்தன்மைக்கு எதுவும் தராது என்றால் சிரிக்கிறார். ஆர்.ஓ. தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் வாளியில் பால் கலந்ததுபோல் வெண்மை எழுகிறது. முற்றிலும் தெளியும்வரை அலச வேண்டுமா, மிச்சத்தைத் தொட்டியின் வடிகட்டியே பார்த்துக்கொள்ளுமா?

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியேற, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் மணலைக் கொஞ்சம் தூவ நினைக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் நோயில்லாத தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு டம்ளர் மணல் தருவீர்களா? அந்தத் தொட்டி நீரிலேயே நனைத்து, காயாமல் எடுத்துச்செல்ல நானே வருகிறேன். பாட்டில் பாக்டீரியாவில் எனக்கு நம்பிக்கை குறைவு; இந்த வெயிலில் பார்சல் வண்டியில் வெந்து வருவதில் எது பிழைத்திருக்கும்?

உப்புநீரின் ஒப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025 ஆக வைத்திருக்கிறேன். பிற்பகலில் தண்ணீர் 31 டிகிரியைத் தொடுகிறது. பாக்டீரியா தாங்கிவிடும், மீன் விடும்வரை சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குவதைத் தள்ளிப்போடலாமா?