முன்ஜாமீன்: செஷன்ஸா, மதுரைக் கிளையா? உதவுங்கள்

வழக்கறிஞர் உறவுகளுக்கு வணக்கம். வரப்புத் தகராறில் பக்கத்து வீட்டு அண்ணன் மீது எஃப்ஐஆர் போட்டிருக்கிறார்கள். பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா, பழைய ஐபிசிக்குப் பதில் வந்த சட்டம்) பிரிவுகள் 296(பி) ஆபாசப் பேச்சு, 115(2) காயப்படுத்துதல், 118(1) ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துதல். முதல் இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை. மண்வெட்டிக் காம்பால் அடித்ததாகச் சொல்லும் 118(1)தான் சிக்கல். அடிபட்டவர் மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ். ஆனால் காயச் சான்றில் எலும்பு முறிவு என்று வந்தால் 118(2) (ஆயுதத்தால் கொடுங்காயம்) ஆகிவிடும், அதுதான் பயம். எஸ்சி, எஸ்டி வன்கொடுமைச் சட்டப் பிரிவு எதுவும் இல்லை (இருந்தால் முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது என்பது தெரியும்).

முன்ஜாமீனுக்கான பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்குப் பதில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482-ன் கீழ் முதலில் மாவட்ட செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனு போடுவதா, நேரே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே போவதா? அரசு வழக்கறிஞர் ஸ்டேஷனில் விவரம் கேட்க வாய்தா வாங்கினால், அந்த இடைவெளியில் கைது செய்யாமல் இருக்க என்ன வழி? ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைதானே, கைது செய்யாமல் விசாரணைக்கு அழைக்கும் பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் வாங்கி ஆஜரானால் போதுமா?

உத்தரவு கிடைத்தால் 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் இரண்டு ஜாமீன்தாரர் நிறுத்தச் சொல்வார்கள் என்கிறார்கள். அதற்கு வீட்டு வரி ரசீதும் ஆதாரும் போதுமா, விஏஓ சான்றும் வேண்டுமா? தெரிந்தவர்கள் இன்றே சொல்லுங்கள், திங்கள் காலை மனு போட வேண்டும்.