கமாண்டர் மட்டுமே ஆடிப் பழகியவன், இருவர் ஆட்டத்தில் ஆறுக்கு ஆறும் தோல்வி: எங்கே தப்பு?

சிமிக்காரன்:
வணக்கம். இரண்டு வருடமாக மேஜிக் (மேஜிக்: த கேதரிங் கார்டு விளையாட்டு) ஆடுகிறேன், ஆனால் கமாண்டர் மட்டும்தான், அதாவது ஆளுக்கு 100 கார்டு, 40 உயிர் வைத்து நாலு பேர் ஆடும் வகை. நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம், சனிக்கிழமை இரவு என்றால் அதுதான் வேலை. இப்போது இரண்டு பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மிச்சம் நானும் அறைத்தோழனும். இருவராகவே கமாண்டர் ஆடிப் பார்த்தோம். ஒன்று, முதல் டர்னிலேயே ஒருவன் சோல் ரிங் என்ற கார்டைப் போட்டு, கார்டு ஆடத் தேவையான மானாவில் எகிறிவிடுகிறான், ஆட்டம் அங்கேயே முடிகிறது. இல்லாவிட்டால் 40 உயிரைக் குறைப்பதற்குள் இருவருக்கும் தூக்கம் வந்துவிடுகிறது.

சரி, முறையாக ஒருவருக்கொருவர் ஆடும் ஃபார்மட் (ஆட்ட வகை) ஒன்றைப் பழகலாம் என்று நினைத்தேன். என் நீலப் பச்சை நிறக் கமாண்டர் டெக்கிலிருந்து (கார்டுக் கட்டிலிருந்து) நல்லதாக 60 கார்டு பொறுக்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் வாரம் ஒருநாள் நடக்கும் சாதாரண ஆட்டத்துக்குப் போனேன். மூன்று சுற்று, ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. ஒரு ஆட்டத்தில் நான் நான்காவது லேண்ட் (மானா தரும் கார்டு) வைப்பதற்குள் செத்துவிட்டேன். என் கார்டுகள் ஒவ்வொன்றும் எதிரில் இருந்தவர்களின் கார்டைவிட விலை அதிகம், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. டெக் தப்பா, நான் ஆடுவது தப்பா?

மலை18:
தம்பி, டெக்கில் என்ன இருந்தது என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? எத்தனை லேண்ட்? எத்தனை கார்டு நான்கு பிரதி? இரண்டு மானாவுக்குள் போடக்கூடியது எத்தனை? எதிராளிகள் என்ன ஆடினார்கள்?

சிமிக்காரன்:
லேண்ட் 22. நான்கு பிரதி எதுவும் இல்லை அண்ணா, எல்லாம் ஒவ்வொன்றுதான், கமாண்டர் டெக் இல்லையா. கல்டிவேட், கொடாமாஸ் ரீச், ரிஸ்டிக் ஸ்டடி, சைக்ளோனிக் ரிஃப்ட், அப்புறம் ஆறேழு மானா பெரிய மிருகங்கள் பத்துப் பன்னிரண்டு. சோல் ரிங்கும் வைத்திருந்தேன். அங்கே லெகசி தடைப்பட்டியலைப் பின்பற்றுகிறார்களாம், எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு காடு (பச்சை லேண்ட்) போட்டேன், அதையும் சேர்த்துத்தான் 22. இரண்டு மானாவுக்குள் ஏழு கார்டு இருக்கலாம். எதிரில் சிவப்பு டெக் ஒருவர், எல்ஃப் மிருக டெக் ஒருவர், டெல்வர் என்ற மிருகத்தை வைத்த நீல டெக் ஒருவர். மூவருமே பாப்பர் டெக் என்றார்கள், அதாவது எல்லாம் காமன் (எளிதில் கிடைக்கும் சாதாரண வகை) கார்டு!

இன்னொரு அவமானம். முதல் ஆட்டத்தில் நான்தான் முதலில் ஆடினேன், பழக்கத்தில் கார்டு எடுத்துவிட்டேன். "இருவர் ஆட்டத்தில் முதலில் ஆடுபவர் முதல் டர்னில் கார்டு எடுக்கக் கூடாது" என்று எதிராளி சொல்லித்தான் தெரியும். முதல் மல்லிகன் (கை பிடிக்காவிட்டால் புதுக் கை எடுப்பது) இலவசம் என்று நினைத்திருந்தேன், அதுவும் இல்லையாம்.

மலை18:
அந்த இரண்டும் எல்லோருக்கும் நடப்பதுதான், விடு. நாலு பேர் ஆட்டத்தில் யாரும் முதல் எடுப்பை இழப்பதில்லை, முதல் மல்லிகனுக்கும் விலை கிடையாது. இருவர் என்றால் மல்லிகன் எடுத்ததும் ஏழு கார்டு எடுத்து ஒன்றைக் கட்டின் அடியில் வைக்க வேண்டும், இரண்டாவது தடவை என்றால் இரண்டு. 2019இலிருந்து இதுதான் விதி.

இப்போது உன் டெக். கமாண்டரில் எதிரில் மூன்று பேர், ஆளுக்கு 40 உயிர். எல்லோரையும் நீயே முடிக்க வேண்டுமென்றால் 120 புள்ளி. லைட்னிங் போல்ட் என்ற சிவப்பு மந்திரம் ஒன்றுக்கு மூன்று புள்ளி, ஆக நாற்பது போல்ட் வேண்டும். அதனால்தான் அங்கே யாரும் அதைச் சீண்டுவதில்லை. இருவர் ஆட்டத்தில் 20 உயிர். ஏழு போல்ட் போதும். உன் தொடக்கக் கையே ஏழு கார்டு! அந்தச் சிவப்புக்காரர் கையில் இருப்பது கிட்டத்தட்ட உன் மொத்த உயிர் என்று நினைத்துப் பார். நீ மூன்றாவது டர்னில் கல்டிவேட் போட்டு நிம்மதியாக லேண்ட் தேடுகிறாய். கமாண்டரில் அது அருமையான டர்ன். இங்கே அது ஒரு டர்ன் சும்மா இருந்ததற்குச் சமம்.

அடுத்தது, இதைத்தான் நான் ரொம்ப நாள் புரிந்துகொள்ளாமல் தோற்றேன். நாலு பேர் ஆட்டத்தில் நீ ஒரு கார்டைச் செலவழித்து ஒருவனுடைய மிருகத்தைக் கொன்றால், உனக்கும் அவனுக்கும் ஆளுக்கொரு கார்டு நஷ்டம், வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும் லாபம். அதனால் ஒன்றுக்கு ஒன்று கொல்லும் கார்டைக் குறைத்துக்கொண்டு, மேசையையே துடைக்கும் பெரிய மந்திரங்களை வைக்கிறோம். இருவர் ஆட்டத்தில் வேடிக்கை பார்ப்பவன் இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்றால் கணக்கு நேர். அதிலும் அவன் நான்கு மானா போட்டதை நீ ஒரு மானாவில் கொன்றால், மூன்று மானா அளவு நேரம் உனக்கு மிச்சம். இருவர் ஆட்டம் பெரும்பாலும் இந்த மிச்சத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

உன் ரிஸ்டிக் ஸ்டடியையே எடுத்துக்கொள். 2000இல் வந்த ப்ராஃபஸி தொகுப்பில் அது காமன் கார்டு. அதாவது பாப்பரிலேயே ஆடலாம், தடை இல்லை. ஆனாலும் அங்கே அதற்கு மவுசு கிடையாது. கமாண்டர் மேசையில் "ஒரு மானா கட்டுகிறாயா, இல்லை நான் கார்டு எடுக்கட்டுமா?" என்று மூன்று பேரை நச்சரிக்கும் கார்டு, ஒரே ஆள் எதிரில் இருந்தால் மூன்று மானாவுக்கு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். கார்டின் விலைக்கும் இருவர் ஆட்டத்தில் அதன் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கல்லாப்பெட்டி:
அண்ணன் சொன்னதோடு ஒரு சின்னக் கணக்கு. 60 கார்டில் ஒரே ஒரு பிரதி வைத்தால் அது தொடக்கக் கையில் வர நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு. நான்கு பிரதி வைத்தால் நாற்பது. முதலில் ஆடினாலும் நான்காவது டர்னுக்குள் ஒன்றாவது வந்திருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு. எதிராளி ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே திட்டத்தோடு வருகிறார். நீங்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கிறீர்கள். 60 என்பது குறைந்தபட்சம்தான், ஆனாலும் அதற்கு மேல் ஒரு கார்டுகூட வைக்காதீர்கள், வாய்ப்பு கரையும்.

தூங்காநகர்:
எல்லோரும் டெக்கையே பேசுகிறீர்கள், எந்த ஃபார்மட் என்று முடிவு செய்ய வேண்டாமா? என் கருத்து, கையில் காசில்லாதவர் முதலில் மேஜிக்கின் கணினி வடிவமான அரீனாவில் ஆடட்டும். இலவசம், போனிலும் ஓடும், தொடக்க டெக்குகள் தருகிறார்கள், விதியை அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் டர்னில் கார்டு எடுத்து அசடு வழிய வேண்டியதில்லை. கமாண்டர் வாசனை வேண்டுமென்றால் அங்கேயே ப்ரால் இருக்கிறது: தலைவன் கார்டு, 100 கார்டு, ஒவ்வொன்றும் ஒரே பிரதி, ஆனால் இருவர் ஆட்டம், 25 உயிர். ஒன்று மட்டும் கவனம். அரீனாவில் ஒரே ஆட்டத்தோடு முடியும் போட்டிகளில் தொடக்கக் கையின் லேண்ட் எண்ணிக்கையைக் கொஞ்சம் சீராக்கித் தருவார்கள். அதை நம்பி லேண்டைக் குறைத்துப் பழகினால் மேசையில் மாட்டிக்கொள்வீர்கள்.

மலை18:
அரீனா நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இவருக்கு எதிரில் அறைத்தோழன் இருக்கிறான், கையில் கார்டு இருக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

மற்ற ஃபார்மட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டாண்டர்டில் அண்மைத் தொகுப்புகள் மட்டும், பழையது காலாவதியாகிக்கொண்டே இருக்கும். பயனியர் 2012இல் வந்த ரிட்டர்ன் டு ராவ்னிகாவிலிருந்து, மாடர்ன் 2003இன் எட்டாம் பதிப்பிலிருந்து. லெகசியில் எல்லாக் காலத்துக் கார்டும் உண்டு, பழைய இரட்டை நிற லேண்ட் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். டியூவல் கமாண்டர் என்று ஒன்று பிரான்சில் தொடங்கியது: 100 கார்டு அப்படியே, ஆனால் 20 உயிர், தனித் தடைப்பட்டியல். உங்கள் இருவர் ஆட்டம் இழுத்ததற்கும் சோல் ரிங் தொல்லைக்கும் அதுதான் நேரடி மருந்து. வீட்டில் இன்றைக்கே செய்யலாம், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 40 உயிரோடு இருவர் ஆடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

கடைக்குப் போக பாப்பர் டெக் கட்டு. அங்கே ஏற்கனவே மூன்று பேர் அதை ஆடுகிறார்கள், அதைவிட நல்ல காரணம் வேண்டாம். யாரும் ஆடாத ஃபார்மட்டில் எவ்வளவு நல்ல டெக் கட்டினாலும் அது அலமாரியில்தான் இருக்கும். ஒற்றைச் சிவப்பில் தொடங்கு: லைட்னிங் போல்ட், செயின் லைட்னிங், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட், ஸ்கூவர் த கிரிட்டிக்ஸ், ஃபயர்பிளாஸ்ட், எல்லாம் நான்கு நான்கு. கூட சில மலிவு மிருகங்கள், 18 மவுண்டன் (மலை, சிவப்பு லேண்ட்). என் பெயரைப் பார்த்தாலே தெரியுமே.

கொக்கிப்புழு:
சிவப்பு டெக் கொடுத்துப் பழக்கினால் ஆட்டமே கற்றுக்கொள்ள மாட்டார், மூஞ்சியில் எறிந்துவிட்டு எழுந்துபோவார். எல்ஃப் கொடுங்கள், பச்சை ஏற்கனவே கையில் இருக்கிறதே.

மலை18:
அக்கா, அப்படிச் சொல்லாதீர்கள். எந்தப் போல்டை மிருகத்துக்கு, எந்தப் போல்டை ஆளுக்கு என்று முடிவெடுப்பதுதான் அந்த டெக்கின் பாடமே. இருபதிலிருந்து கீழே எண்ணப் பழகினால் மற்ற டெக்கும் புரியும்.

கொக்கிப்புழு:
சரி, ஒத்துக்கொள்கிறேன், பாதி. சிமிக்காரன், தாக்குவதைப் பற்றி ஒன்று. கமாண்டரில் மிருகத்தை அனுப்பினால் மற்ற இருவரும் திறந்த வீட்டுக்குள் வருவார்கள் என்ற பயத்தில் கட்டி வைத்துப் பழகியிருப்பீர்கள். இருவர் ஆட்டத்தில் திருப்பி அடிக்க ஒரே ஆள்தான் இருக்கிறார். அவர் அடித்தால் எனக்கு எவ்வளவு, நான் அடித்தால் அவருக்கு எவ்வளவு, யார் ஒரு டர்ன் முந்துகிறார்கள் என்று ஒவ்வொரு டர்னும் எண்ணுங்கள். முந்துவது நீங்கள் என்றால் தடுக்க நிற்காதீர்கள், அடியுங்கள். முந்துவது அவர் என்றால்தான் மிருகத்தைத் தடுக்க வைத்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் இதை ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு முறை முடிவு செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சிமிக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். வீட்டில் 20 உயிர் வைத்து ஆடுகிறோம், அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டம் முடிகிறது. அறைத்தோழன் எல்ஃப் கட்டிவிட்டான், கொக்கிப்புழு அக்காவுக்கு நன்றி (எனக்கு நன்றி இல்லை, தினமும் அடி வாங்குகிறேன்). நான் சிவப்பு. நேற்று கடையில் மூன்று சுற்றில் ஒன்று ஜெயித்தேன்!

தோற்ற ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டும். அந்த நீல டெல்வர்க்காரர் நான்கு உயிரில் இருந்தார். கையில் ஃபயர்பிளாஸ்ட், மேசையில் மூன்று மவுண்டன். இரண்டு மவுண்டனைப் பலி கொடுத்து நான்கு புள்ளி எறிந்தேன். கவுன்டர்ஸ்பெல் (எதிராளியின் மந்திரத்தைத் தடுக்கும் மந்திரம்) போட்டுவிட்டார். மவுண்டன் திரும்பி வராதாம்.

மலை18:
வராது. மவுண்டன் பலி என்பது மந்திரத்துக்குக் கொடுத்த விலை, மந்திரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் போனது போனதுதான். அவர் எத்தனை நீல லேண்டை மடக்காமல் (மானாவுக்குப் பயன்படுத்தாமல்) வைத்திருந்தார்?

சிமிக்காரன்:
இரண்டு.

மலை18:
கவுன்டர்ஸ்பெல்லுக்கு வேண்டியது சரியாக இரண்டு நீலம். பார்த்தாயா? அவருடைய டர்ன் முடியும் நேரத்தில் முதலில் ஒரு போல்ட் எறி. அதை அவர் தடுத்தால் இரண்டு மானாவும் காலி, உடனே ஃபயர்பிளாஸ்ட். தடுக்காவிட்டால் அவர் ஒரு உயிரில் நிற்பார், அதற்கப்புறம் உன் ஒவ்வொரு கார்டும் அவருக்குப் பயம். சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ளும் உபரிக் கார்டுகளில்) பைரோபிளாஸ்ட் வைத்திருக்கிறாயா? சிவப்பு ஒரு மானா, நீல மந்திரத்தைத் தடுக்கும். அதுவும் காமன்தான்.

சிமிக்காரன்:
பதினைந்து கார்டு சைட்போர்டு என்று தெரியும், இன்னும் ஒன்றும் வைக்கவில்லை அண்ணா. எதை வெளியே எடுப்பது என்று புரியவில்லை.

கல்லாப்பெட்டி:
எத்தனை உள்ளே போகிறதோ அத்தனை வெளியே எடுங்கள், 60 அப்படியே இருக்கட்டும். எதிராளிக்கு எதிராக வேலை செய்யாத கார்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நீலத்துக்கு எதிராக மூன்று பைரோபிளாஸ்ட் உள்ளே போட்டு, மெதுவான மூன்றை எடுத்துப் பாருங்கள். தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்தில் யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்வார், அதையும் மறக்காதீர்கள். சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம், முதலில் ஆடுங்கள்.

சிமிக்காரன்:
வெள்ளிக்கிழமை அதே ஆளோடு ஆடப் போகிறேன். இந்தத் தடவை போல்ட் முதலில்.