குழந்தை வாசிப்பில் தடுமாறும்போது நாங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியது

ஆசிரியை ஒருவரின் பகிர்வு:

இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எனக்கு, பிள்ளைகளைக் கதைப் புத்தகம் வாசிக்க வைப்பதென்றால் பக்கத்தில் அமர்ந்து பிழை திருத்துவதுதான் என்ற எண்ணம் பல ஆண்டுகள் இருந்தது. ஒரு சிறுவன் ‘குளத்துக்குள்ளிருந்து’ என்ற சொல்லின் முன் நின்றுவிட்டபோது, வழக்கம்போல் நானே அதைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பக்கம் தள்ளி ‘வீட்டுக்குள்ளிருந்து’ வந்ததும், அவன் புத்தகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். வாசிப்பை அல்ல, என்னை எதிர்பார்ப்பதையே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

247 எழுத்துகளையும் அறிந்த பிள்ளைகூட இத்தகைய நீளமான சொற்களில் தடுக்கி விழுவதற்குக் காரணம், உருபுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, தெரிந்த சொல்லையே தெரியாத உருவத்தில் காட்டுவதுதான். ஆகவே இப்போது பிள்ளை தயங்கினால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால், சொல்லின் பிற்பகுதியை விரலால் மறைத்து ‘குளத்துக்கு’ என்பதை மட்டும் காட்டுகிறேன். மீதியைப் பெரும்பாலும் அவர்களே சேர்த்துக்கொள்கிறார்கள். ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிப்பவர்களிடமும் திருத்தம் சொல்வதில்லை. கொம்பைப் பார்த்த கண் எழுத்துக்குப் பின்னால் நிற்கும் காலைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். “இன்னொரு முறை பார்” என்றால் போதும்.

புத்தகத் தேர்வில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். நூறு சொற்களில் ஐந்துக்கு மேல் பிழை வராத புத்தகம் தனியே வாசிப்பதற்கு உரியது. ஆறு முதல் பத்து வரை என்றால், நான்கைந்து பிள்ளைகளைச் சுற்றி அமர வைத்து, முதலில் படங்களைப் பார்த்துப் பேசிவிட்டு, என் துணையோடு வாசிப்பதற்கு ஏற்றது. அதற்கும் மேலே போனால் நானே வாசித்துக் காட்டுவதற்கென்று எடுத்து வைத்துவிடுவேன். முன்பெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக் கடினமான புத்தகத்தைத் தனியே வாசிக்கக் கொடுத்துவிடுவேன்; அது படம் பார்த்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருக்கும், நானும் வாசிக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பேன்.

தாய் ஒருவரின் பகிர்வு:

என் மகள் ஒரே புத்தகத்தை வாரக்கணக்கில் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் படத்தைக் கையால் மறைத்துப் பார்த்தபோது, பாதிக் கதையை அவள் மனப்பாடமாகச் சொல்லிவந்தது தெரிந்தது. ஏமாற்றத்தில் புத்தகத்தை ஒளித்து வைத்தேன். அவள் வேறு எதையும் தொடவில்லை, வாசிப்பே நின்றுபோனது. (இதை எழுதும்போது இன்றும் கூச்சமாக இருக்கிறது.) பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்து வாசிக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் அடுக்களைக்கு ஓடி வந்து, “அம்மா, இங்கே ‘ஓடியது’ என்று இல்லை, ‘ஓடிப்போனது’ என்று இருக்கிறது, இத்தனை நாள் நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை.