லாக்கிலா வழக்கு: கணிக்காததற்கா தண்டனை?

எரிமலைநேசன்:
"புவியியலாளரின் வேலை அளப்பது மட்டும், ஊருக்கு அறிவுரை சொல்வது அல்ல" என்று தளிர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதற்கு அவர் காட்டிய சான்று, "நிலநடுக்கத்தைக் கணிக்கவில்லை என்று இத்தாலியில் விஞ்ஞானிகளைச் சிறையில் போட்டார்கள்" என்பது. தவறு. கணிக்காததற்காக யாரையும் தண்டிக்கவில்லை.

இத்தாலியின் லாக்கிலா நகரில் 2009 ஏப்ரல் 6 அதிகாலை 3.32 மணிக்கு 6.3 அளவில் நிலம் குலுங்கி 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாதக்கணக்கில் சிறு நடுக்கங்கள் வந்துகொண்டிருந்ததால், மார்ச் 31 அன்று நிபுணர் குழு அந்த ஊரிலேயே கூடியது. குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சிப் பேட்டியில், ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது, நிலைமை சாதகமாகத்தான் இருக்கிறது என்றார். அப்படியென்றால் ஒரு கோப்பை ஒயின் குடிக்கலாமா என்று கேட்டதற்கு, தாராளமாக என்றார். வழக்கு இந்த ஆறுதல் பேச்சைப் பற்றியது.

தளிர்:
2012இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்தத் துணைத் தலைவருக்கும், ஆக ஏழு பேருக்கு ஆறு வருடச் சிறைத்தண்டனை விதித்தது நடந்ததா இல்லையா? 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் இத்தாலியக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் ஒருவருக்கும் புரியாதது உங்களுக்குப் புரிந்துவிட்டதா?

எரிமலைநேசன்:
கணிக்காததற்காக அல்ல. நிலநடுக்கத்தைக் கணிக்க முடியாது என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: நடுக்கம் வந்தால் இரவென்றும் பாராமல் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுவார்கள். அன்று இரவும் பெரிய அதிர்வுக்கு முன் இரண்டு முறை ஆடியது. இந்த முறை பலர் உள்ளேயே படுத்துவிட்டார்கள். 'பயமில்லை என்று சொன்னார்களே, அதை நம்பித்தான் இருந்தோம்' என்றுதான் உறவினர்களை இழந்தவர்கள் சாட்சி சொன்னார்கள்.

சுண்ணாம்புக்கல்:
ஒரு விஷயத்தை வசதியாக விட்டுவிட்டீர்கள். அந்த ஒயின் பேட்டி கூட்டத்துக்கு முன்பே பதிவானது. அதற்கு விஞ்ஞானிகள் எப்படிப் பொறுப்பு? 2014இல் மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகளும் விடுதலை. பேட்டி கொடுத்த துணைத் தலைவருக்கு மட்டும் தண்டனை இரண்டு வருடமாகக் குறைந்தது. 2015இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

எரிமலைநேசன்:
விடுதலையானார்கள், சரி. அதனால் தளிர் எழுதியது உண்மையாகிவிடுமா? மேல்முறையீடு முடியும்வரை யாரும் சிறைக்கே போகவில்லை. நான் பேசுவது சட்டத்தை அல்ல, கடமையை. கூட்டம் முடிந்த பிறகாவது, 'ஆற்றல் வெளியேறினால் ஆபத்து குறையும் என்பதற்கு அடிப்படையில்லை' என்று ஒருவர் மைக் முன்னால் சொல்லியிருக்கலாமே?

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். துளையிடும் களத்தில் வேலை பார்த்தவன் நான். ஒருமுறை, துளையிட்டு எடுத்து கோர் பெட்டியில் அடுக்கிய உருளைப் பாறை மாதிரியில் ஒரு துண்டு நடுவில் நொறுங்கி, களிமண் மாதிரி வழவழவென்று விரலில் ஒட்டியது. பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகரும் பிளவு கடந்துபோகும் இடம் அது. அறிக்கையில் 'சிறு விரிசல்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். அளப்பது மட்டும்தான் என் வேலை என்றுதான் அன்று நானும் நினைத்தேன். இன்றுவரை உறுத்துகிறது.

மண்வாசனை:
பூமியோடு மனிதனுக்கு என்ன உறவு என்று பேசத் தொடங்கினோம். ஒரு ஊரிலேயே நின்றுவிட்டீர்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலில் 1963 முதல் எரிவாயு எடுத்து எடுத்து நிலத்தையே ஆட வைத்தார்களே, 2012இல் 3.6 அளவுக்கு? அது இயற்கையா? மனிதனே பூமியை மாற்றும் காலம், அதாவது மனித யுகம் என்று இதற்குப் பெயர் வைக்காமல் வேறு எதற்கு வைப்பது?

தளிர்:
அந்த மனித யுகத்தைத்தான் 2024இல், பாறை அடுக்குகளை வைத்துப் பூமியின் காலப்பிரிவுகளை வகுக்கும் அடுக்கியல் குழு வாக்கெடுப்பிலேயே தோற்கடித்துவிட்டதே. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மண்வாசனை:
இப்போதைய காலப்பிரிவான ஹோலோசீனை முடித்து 1950களிலிருந்து புதிய காலப்பிரிவு தொடங்க வேண்டுமா என்பதுதான் வாக்கெடுப்பு. மனிதனால் சேதமில்லை என்று எவரும் வாக்களிக்கவில்லை. போன மாதம் நிலத்தடி நீர் விவாதத்திலும் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டு வந்தீர்கள்.

தளிர்:
அன்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். நான் எழுதியது இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கல்:
வாய் திறந்தால் வழக்கு, திறக்காவிட்டாலும் வழக்கு என்றால் நாளைக்கு எந்த நிபுணர் குழுவில் சேருவார்? இதற்கு எரிமலைநேசன் இன்னும் பதில் சொல்லவில்லை.

எரிமலைநேசன்:
சொல்லிவிட்டேன். 'தெரியாது, ஆனால் பழைய கட்டடங்களில் படுக்காதீர்கள்' என்று சொல்லியிருந்தால் எந்த வழக்கும் வந்திருக்காது. தளிர், உங்கள் பதிவில் 'கணிக்கவில்லை என்று' என்ற இரண்டு சொல்லை எடுங்கள்.

தளிர்:
எடுக்க மாட்டேன்.

எரிமலைநேசன்:
அப்படியானால் நானும் விடப்போவதில்லை. கணிக்காததற்காக அல்ல.