தவறாக நினைக்காமல் எப்படிப் பேசுவது? ஆலோசனை தேவை

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் ஜெபக்குழுவில் உள்ள ஒரு அக்கா கொஞ்ச காலமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வராது. ஆராதனை முடிந்ததும் பைபிளை எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாகப் போய்விடுகிறார். "உன்னைப் பற்றி ஏதோ பேசுகிறார்" என்று இன்னொருவர் வேறு சொல்கிறார்.

அன்பு "சகலத்தையும் விசுவாசிக்கும்" என்கிறது 1 கொரிந்தியர் 13:7. வேதாகமத்தில் அன்னாள் என்ற பெண் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, அவள் குடித்திருக்கிறாள் என்றே ஆசாரியர் ஏலி நினைத்துவிட்டார். ஆசாரியருக்கே அப்படி என்றால், யாரோ சொன்னதை வைத்து நான் எப்படி முடிவு செய்வது? யோசுவா 22-ல் ரூபன், காத் கோத்திரத்தார் யோர்தானருகே பலிபீடம் கட்டியதாகக் கேள்விப்பட்டு, அது கர்த்தருக்கு விரோதமான கலகம் என்று நினைத்து மற்ற இஸ்ரவேலர் யுத்தத்துக்கே கூடிவிட்டார்கள். ஆசாரியனின் மகன் பினெகாஸ் போய் நேரில் கேட்ட பிறகுதான் அது வெறும் சாட்சிக்காகக் கட்டியது என்று தெரிந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

சரி, நானும் நேரில் கேட்கலாம். மத்தேயு 18:15 தனித்துப் பேசச் சொல்கிறது. ஆனால் அது குற்றம் செய்த சகோதரனைப் பற்றியது. அக்காவுக்கு வீட்டில் ஏதாவது கஷ்டமாகவும் இருக்கலாமே. குற்றம் சாட்டுவதுபோல் தொனிக்காமல் பேச்சை எப்படித் தொடங்குவது? இப்படி ஒரு நிலைமையைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.