பதுங்காட்டமா, கரவாட்டமா? பழைய ஆட்டங்களின் மறுவெளியீட்டுக்குச் சில கலைச்சொற்கள்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

காணொளி ஆட்டங்களின் வடிவமைப்பைப் பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் இயலை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். காவலர் கண்ணில் படாமல் நகர்வதையே ஆட்டமாகக் கொண்ட பழைய படைப்புகள் புதிய கன்சோல்களில் (ஆட்டப் பொறிகளில்) எவ்வாறு மீண்டும் வெளிவருகின்றன என்பதுதான் இயலின் பொருள். ஸ்டெல்த் (கண்ணில் படாமல் நகரும் இவ்வகை), போர்ட் (ஒரு பொறிக்குச் செய்ததை வேறொரு பொறியில் ஓடச் செய்தல்), ரீமாஸ்டர் (பழையதன் தோற்றத்தைத் துலக்கித் தருதல்), ரீமேக் (பழையதைப் புதிதாகச் செய்தல்) ஆகிய நான்கு சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன.

முதல் வரைவில் பின் மூன்றுக்கும் 'மறுவெளியீடு' என்றே எழுதினேன். திரும்பப் படித்தபோது ஒரு பத்தி முழுவதும் பொருளிழந்து கிடந்தது. இவ்வகை ஆட்டமான மெட்டல் கியர் சாலிட் 1998இல் பிளேஸ்டேஷன் கன்சோலில் வந்தது. 2004இல் கேம்கியூப் கன்சோலுக்காக முற்றிலும் புதிதாகச் செய்யப்பட்டு 'த ட்வின் ஸ்னேக்ஸ்' என்ற பெயரில் வந்தது. 2023 அக்டோபரில் வந்த 'மாஸ்டர் கலெக்ஷன்' தொகுப்பிலோ 1998இன் ஆட்டமே பழைய உருவில் இடம்பெற்றது. பின்னிரண்டையும் மறுவெளியீடு என்று சொல்லிவிட்டால், ஒன்றில் ஆட்டமே மாறியது, மற்றொன்றில் மாறவில்லை என்பதை மாணவர் எப்படி அறிவார்? சொல்லைப் பார்த்த அளவிலேயே அந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்பது என் விருப்பம்.

ஸ்டெல்த் என்பதற்குக் 'கரவாட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். வகுப்பில் ஒரு மாணவியைப் படிக்கச் சொன்னபோது, அவர் தயக்கமின்றிக் 'கரகாட்டம்' என்று படித்தார். அவர்மீது குற்றமில்லை. அச்சில் இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. உங்கள் கருத்துகளை வேண்டுகிறேன்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள அம்மா,

மாணவி தவறாகப் படித்தார் என்பதற்காகக் கரவைக் கைவிட வேண்டாம். மறைத்தலைக் குறிக்கும் கர என்னும் அடியிலிருந்து கரத்தல், கரவு, கரந்துறைதல் என்று ஒரு குடும்பமே நம்மிடம் உள்ளது. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை மறைத்து வைக்கும் சித்திரகவிக்குக் 'கரந்துறைப் பாட்டு' என்று பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். கரவு + ஆட்டம் என்னும் புணர்ச்சியிலும் குறையில்லை. கரவு என்பதன் ஈறு முற்றியலுகரமே ஆயினும், 'முற்றும் அற்று ஒரோவழி', அதாவது முற்றியலுகரமும் சிலவிடத்துக் கெடும் என்று நன்னூல் இடம் தருகிறது. கரந்தைத் திணையின் பெயரும் இவ்வடியிலிருந்தே வந்திருக்கலாம் என்று நெடுநாளாக எண்ணிவருகிறேன்.

களவு, ஒற்று ஆகிய இரண்டையும் நானே விலக்குகிறேன். களவு என்றால் ஒரு பக்கம் திருட்டு, மறுபக்கம் அகப்பொருள். 1998இல் வந்த 'தீஃப்: த டார்க் பிராஜெக்ட்' என்னும் ஆட்டத்தின் நாயகன் திருடன் என்று பேரன் சொன்னான். அவனுக்குக் களவு பொருந்தும், மற்றவர்களுக்குப் பொருந்தாது. ஒற்று என்றால் ஒற்றாடல், மெய்யெழுத்து என்று இரண்டு பொருளும் முன்வந்து நிற்கும்.

நீங்கள் கேட்கும் ஆட்டத்தை மதுரைக்காஞ்சி ஏற்கெனவே காட்டிவிட்டது என்பது என் துணிபு. அதன் நள்ளிரவுக் காட்சியைப் பாருங்கள். இருளின் நிறத்தோடு ஒன்றும் நீலக் கச்சு, மெல்லிய நூலேணி, நிலத்தை அகழும் உளி, காலில் தோற்செருப்பு ஆகியவற்றோடு கள்வர் திரிகிறார்கள். அவர்களின் ஒடுக்கத்தைப் புலிபோல் பார்த்து நிற்கிறார்கள் ஊர்காப்பாளர். கள்வருக்குக் 'கண்மாறு ஆடவர்' என்றும், காவலருக்குத் 'துஞ்சாக் கண்ணர்' என்றும் புலவர் பெயரிடுகிறார். கண்மாறு ஆடவர் என்பதற்குக் கண்ணிமைக்கும் அளவில் மறைகின்றவர் என்று உரை காண்பர். கருவி, உடை, நிழல், காவல் என ஒரு வகை ஆட்டத்தின் உறுப்புகள் அனைத்தும் அங்கே உள்ளன. ஆகவே கரவாட்டம் இடர் தருமானால் 'கண்மாறாட்டம்' என்று சொல்லலாம்.

மடல் 3: ஆட்ட நிரலாளர்

ஐயா, மதுரைக்காஞ்சிப் பகுதியை இன்றுதான் தேடிப் படித்தேன். காவலரின் பார்வையையும் மறைபவரின் உடையையும் ஒரே காட்சியில் வைத்த விதம் வியப்பளிக்கிறது. ஆனாலும் கண்மாறாட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல் ஆள்மாறாட்டம். அதன் அருகில் கண்மாறாட்டம் வந்தால் கண்ணை மாற்றிக்கொள்வது என்றே படிப்பவர் கொள்வார். 2000இல் தொடங்கிய ஹிட்மேன் வரிசையில், வீழ்த்தியவரின் உடையை அணிந்துகொண்டு கூட்டத்துக்குள் நடப்பதுதான் முதன்மை உத்தி. அதை ஆள்மாறாட்டம் என்றுதான் எழுதியாக வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பம் உறுதி.

ஆடுகிறவர்கள் இதை 'ஸ்டெல்த் கேம்' என்றே சொல்கிறார்கள், அப்படியே தேடுகிறார்கள். ஸ்டெல்த் என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு, முதலில் வருமிடத்தில் விளக்கம் தரலாம் என்பது என் கருத்து. கலைச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே வேண்டும் என்றால், ஆடுபவர்களே குழம்புகிற இடத்தில் வேண்டும். அந்த இடம் போர்ட், ரீமாஸ்டர், ரீமேக் ஆகிய மூன்றும்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த மெட்டல் கியர் சாலிட் 2இல், சதுரப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கைத்துப்பாக்கி குறிபார்க்கும். விரலைச் சட்டென்று எடுத்தால் சுடும். மெல்ல மெல்லத் தளர்த்தினால் சுடாமல் தாழும். அந்தக் கையாள்கருவியின் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணர்ந்தன. காவலனின் முதுகுக்குப் பின்னால் ஓசையின்றி நின்று, அவன் கைகளை உயர்த்திய பிறகு, பெருவிரலை இழையிழையாகத் தளர்த்தும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். பதுங்குவதன் பதற்றம் திரையில் மட்டும் இல்லை, விரலிலும் இருந்தது. 2011இல் ஹெச்.டி. தொகுப்பு வந்தபோது பிளேஸ்டேஷன் 3இல் அது தொடர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் 360இன் பொத்தான்களுக்கு அந்த உணர்வு இல்லை. பிளேஸ்டேஷன் 4 முதல் சோனியின் கருவிகளிலும் இல்லை, நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலிலும் இல்லை. ஆகவே துப்பாக்கியைத் தாழ்த்த வேறொரு பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியதாயிற்று. கதையும் காட்சியும் கட்டடமும் அவையே, படம் முன்னைவிடத் தெளிவு, ஆனால் விரல் செய்யும் வேலை வேறு. ரீமாஸ்டருக்குச் சொல்லத் தோன்றும் 'மெருகேற்றம்' என்ற சொல் இதற்குப் போதுமா? புறத்தைத் துலக்கியது மட்டுமே மெருகு. இங்கே ஆட்டம் ஒரு பொறியிலிருந்து இன்னொரு பொறிக்குப் பெயர்ந்திருக்கிறது. அந்தப் பெயர்வில் இழந்ததும் உண்டு.

மடல் 4: அகராதிப் பணியில் இருப்பவர்

நண்பர்களே, ஸ்டெல்த்துக்கு எளிய வழி ஒன்று இருக்கும்போது ஏன் இவ்வளவு தொலைவு செல்கிறோம்? குழந்தையும் அறிந்த வினை பதுங்குதல். புலி பதுங்குவது பாய்வதற்கு என்னும் வழக்கில், மறைவும் காத்திருப்பும் அடுத்து வரப்போகும் செயலும் அடங்கியுள்ளன. மறைதல் என்றால் கண்ணுக்குப் படாமல் போவது, அவ்வளவே. பதுங்குபவரோ கண்விழித்து நேரம் பார்த்திருக்கிறார். இவ்வகை ஆட்டத்தின் உயிர் அதில்தான் உள்ளது. 'பதுங்காட்டம்' என்பதை என் பரிந்துரையாக வைக்கிறேன்.

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒரு சொல். கரந்தை என்பது பூவின் பெயர். வெட்சியார் கவர்ந்த ஆநிரையை மீட்பதே கரந்தைத் திணை. மறைந்து சென்று கவர்வது வெட்சி. எனவே கரத்தலோடு அத்திணையை இணைப்பது பொருளளவிலும் நிற்காது.

மடல் 5: தமிழாசிரியர்

திருத்தத்தை ஏற்கிறேன். ஆயினும் வெட்சியை நீங்களே நினைவூட்டியதால் ஒன்று சொல்ல வேண்டும். வெட்சியின் துறைகளில் 'புடைகெடப் போகிய செலவு' என்று தொல்காப்பியம் ஒன்றை வைக்கிறது. பகைவரின் ஒற்றர் அறியாதபடி செல்லும் செலவு அது. அடுத்த துறை, தம் ஒற்றர் அறிந்து வரும் 'வேய்'. போர்வினையின் பகுதியாகவே மறைசெலவுக்குப் பெயரிட்ட மொழிக்கு, ஸ்டெல்த் என்ற ஒலிபெயர்ப்பு வேண்டியதில்லை. மறைசெலவு என்றே சொல்லலாமே!

பதுங்காட்டத்தில் எனக்கு ஓர் ஐயம். பதுங்கா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகவும் நிற்கும். பதுங்காத ஆட்டம் என்று ஒருவர் பொருள் கொண்டால் என்ன செய்வது?

இனி வெளியீட்டு வகைகளுக்கு வருகிறேன். நிரலாளர் தம்பி சொன்ன பொத்தான் செய்தி இரவு முழுவதும் என்னை விடவில்லை. முதல்நூல், வழிநூல் என்னும் பகுப்பு இதற்கென்றே அமைந்ததுபோல் தோன்றுகிறது. 'முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல்' என்கிறது நன்னூல். ரீமேக் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரையறை வேண்டுமா? முடிவு ஒத்திருக்க வேண்டும், விகற்பம், அதாவது வேறுபாடு, இருக்க வேண்டும், மரபு அழியக் கூடாது. எனவே பழையது முதலாட்டம், புதிதாகச் செய்தது வழியாட்டம்.

வழிநூலின் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என்று நான்கைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. பல ஆட்டங்களை ஒரே வெளியீட்டில் தருவது தொகுத்தல். ஒரு பொறிக்கு எழுதிய நிரலை வேறொரு பொறி அறியும்படி யாப்பது நான்காவது. மொழிபெயர்ப்பு என்பதை ஒட்டிப் போர்ட்டுக்குப் 'பொறிபெயர்ப்பு' என்று முன்மொழிகிறேன்.

மடல் 6: அகராதிப் பணியில் இருப்பவர்

எதிர்மறை ஐயம் நிற்காது, ஐயா. பதுங்கா + ஆட்டம் என்றால் உடம்படுமெய் பெற்றுப் 'பதுங்காவாட்டம்' என்றாகும். பதுங்காட்டம் என்பது பதுங்கு + ஆட்டம் என்று மட்டுமே பிரியும்.

பொறிபெயர்ப்பு மிக நன்று.

மடல் 7: ஆட்ட நிரலாளர்

பொறிபெயர்ப்பையும் வழியாட்டத்தையும் மனமார ஏற்கிறேன். இதுவரை கேட்ட தமிழ்ச் சொற்களில், எனக்கே புதிதாக ஒன்றைப் புரியவைத்தவை இவை. ட்வின் ஸ்னேக்ஸை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். இரண்டாம் ஆட்டத்தில் வந்த, பாத்திரத்தின் கண்வழியே குறிபார்க்கும் வசதியை அதில் சேர்த்தார்கள். ஆனால் அறைகளும் காவலர் நிற்கும் இடங்களும் பெரும்பாலும் 1998இன் அமைப்பையே தழுவியவை. அந்த வசதி இல்லாத ஆட்டத்துக்காக வகுத்த அறைகளில் அதைக் கொடுத்ததால், பதுங்க வேண்டிய இடங்கள் பல எளிதாகிவிட்டன என்று ஆடியவர்கள் இன்றும் குறைசொல்வார்கள். பின்னோன் வேண்டிய விகற்பம் மரபைத் தொட்டுவிட்டது. நன்னூலை வைத்தே அந்தக் குறையை விளக்க முடிகிறது.

இரண்டு சிக்கல்கள் எஞ்சியுள்ளன. மாஸ்டர் கலெக்ஷனில் முதல் ஆட்டம் பொறிபெயர்ப்பும் அன்று. பழைய பொறியைப் புதிய பொறி தன்னுள் நடித்துக் காட்ட, பழைய நிரல் அதற்குள் ஓடுகிறது. எமுலேஷன் என்பதற்குப் 'போலி' என்று சொல்லத் தோன்றியது. எழுத்து மாறியும் பொருள் மாறாதது இலக்கணத்தில் போலி. இன்றைய வழக்கில் அது ஏமாற்றாகிவிட்டதால், படிப்பவர் திருட்டுப் படி என்றே நினைப்பார். அதற்கு விடை என்னிடம் இல்லை.

அடுத்தது, 2025 ஆகஸ்டில் வந்த 'மெட்டல் கியர் சாலிட் டெல்டா: ஸ்னேக் ஈட்டர்'. 2004இன் மூன்றாம் ஆட்டத்தை அன்ரியல் என்ஜின் 5 என்னும் ஆட்டம் கட்டும் மென்பொருளில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். குரல்களோ பெரும்பாலும் 2004இல் பதிவானவை. கதையும் இடங்களின் அமைப்பும் அப்படியே. பழைய கட்டுப்பாட்டு முறை வேண்டுமா, புதியது வேண்டுமா என்று ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். உடல் முழுவதும் புதிது, எலும்பும் குரலும் பழையவை. இது மெருகேற்றமா, வழியாட்டமா? விகற்பம் கூறும் உரிமையை இங்கே ஆடுபவரிடமே கொடுத்துவிட்டார்களே!

மடல் 8: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்றிரவு இயலை அனுப்ப வேண்டும். ஆகவே நான் எழுதியிருப்பதைத் தெரிவிக்கிறேன்.

ஸ்டெல்த் வகைக்குப் 'பதுங்காட்டம்'. மூவர் ஏற்றோம் என்று கொள்கிறேன், நிரலாளர் அரைமனத்தோடு இருந்தாலும். முதலில் வருமிடத்தில் ஸ்டெல்த் என்பதும் உடன் இருக்கும். போர்ட்டுக்குப் 'பொறிபெயர்ப்பு', ரீமேக்குக்கு 'வழியாட்டம்', பழையதற்கு 'முதலாட்டம்'. ரீமாஸ்டருக்கு 'மெருகேற்றம்' என்றே எழுதினேன். ஆனால் நிரலாளரின் பொத்தான் எடுத்துக்காட்டை, மெருகேற்றமும் பொறிபெயர்ப்பும் ஒரே வெளியீட்டில் சேர்ந்து நிகழலாம் என்னும் விளக்கத்தோடு ஒரு பத்தியாகவே சேர்த்துவிட்டேன். இந்த ஒரு பத்திக்காகவே இத்தனை மடல்களும் தகும். எமுலேஷன் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. டெல்டாவை வழியாட்டத்தில் சேர்த்தேன், முழு உறுதியோடு அன்று.

வரைவை அதே மாணவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பதுங்காட்டத்தைத் தடுமாறாமல் படித்தார். பொறிபெயர்ப்பு வந்த இடத்தில் நிறுத்தி, "மொழிபெயர்ப்பு மாதிரியா?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

மடல் 9: தமிழாசிரியர்

நல்லது அம்மா. பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன். கரவாட்டத்தை மட்டும் நான் விடவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது இதை மீண்டும் எழுப்புவேன்.

எமுலேஷனுக்குப் 'படிமப்பொறி' பொருந்துமா என்று பாருங்கள். படிமம் என்றால் வடிவம், வேடம், பாவனை என்று பல பொருள்கள் உண்டு. 'துறந்தார் படிவத்தர்' என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வரும் படிவத்தோடு இதற்குள்ள உறவைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.